கரிக்கோட்டாரும் முப்பத்தெட்டாயிரம் வரிகளும்

"நான் கறுப்படிச்ச பேரை எமனே எருமையை விட்டு இறங்கி வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று கரிக்கோட்டார் முழங்கியபோது கூட்ட அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினான்கு பேரும் கைதட்டினார்கள். எமனுக்கு அழைப்பு அனுப்பப்படாததால் அவர் தரப்புக் கருத்து நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறவில்லை.

கரிக்கோட்டார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மாநகராட்சியின் புகார்ப் பிரிவில் ஆவணக் கண்காணிப்பாளராக இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து சம்பாதித்தது. யாராவது ஒரு பழைய புகாரின் நகல் வேண்டும் என்று எழுதிக் கேட்டால், புகார் கொடுத்தவரின் பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் இவற்றின் மேல் தடித்த கறுப்புப் பேனாவால் கோடு இழுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டை இழுப்பவர் அவர். மற்ற பிரிவுகளில் ஏதோ கடனுக்கு ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு அனுப்புவார்கள். இவர் அப்படியல்ல. முன்பக்கம் ஒரு கோடு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எழுத்தின் வால் ஏதாவது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அதை நகலெடுத்து, நகலை மட்டும் கொடுப்பார். வீட்டிலும் இதே பழக்கம். பார்சல் அட்டை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையின் உறை, எதுவானாலும் பெயரை அடிக்காமல் குப்பைக் கூடைக்குப் போகாது. அவர் மனைவி ஒருமுறை கடைக்கு எழுதிய சாமான் பட்டியலின் மேல் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு, திரும்பி வந்து பார்த்தால் கோடு விழுந்திருந்தது. "நான் உயிரோட இருக்கேன்னாவது ஊருக்குத் தெரியட்டுமே" என்றார் அந்த அம்மாள்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் திறந்த தரவு வந்து விழுந்தது.

புதிதாக வந்த இயக்குநர், நூறு நாளில் நூறு கோப்புகளை இணையதளத்தில் ஏற்றுவோம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், இந்த நகரத்தில் இனி ஒளிவு மறைவு கிடையாது என்று அறிவித்தார். நல்ல எண்ணம்தான். முதலில் எந்தக் கோப்பை ஏற்றுவது என்று துறை துறையாகக் கேட்டார்கள். நில ஒதுக்கீட்டுக் கோப்பு பரிசீலனையில் இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் கோப்பு தகுந்த நேரத்தில் வெளியிடப்படும் என்றார்கள். பெரியவர்கள் பங்களாப் பராமரிப்புக் கோப்பை எலி தின்றுவிட்டது. அந்த எலிகளுக்கு எதைத் தின்ன வேண்டும் என்று யாரோ பாடம் எடுத்திருக்க வேண்டும். மிஞ்சியது பொதுமக்கள் புகார்க் கோப்பு. அதை வெளியிடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஏனென்றால் பொதுமக்களை யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடப் புகார்கள், முப்பத்தெட்டாயிரம் வரிகள். என்ன புகார், தேதி, நேரம், தெரு, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், புகாரின் சுருக்கம், எடுத்த நடவடிக்கை. அந்த நகரத்தில் வீட்டு எண் என்பது பழையது, புதியது, புதியதற்கும் புதியது என்று மூன்று தலைமுறையாகக் குழம்பிக் கிடந்ததால், புகாரை எழுதிக்கொள்கிறவர்கள் பக்கத்துக் கம்பத்தின் எண்ணைத்தான் கேட்டு எழுதுவார்கள். பழுது பார்க்கப் போகிறவரும் கம்பத்தைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்.

பெயர்களைக் கரிக்கோட்டார் அழித்தார். அழித்ததோடு நிற்கவில்லை; தன் மூளையிலிருந்து ஒரு சங்கதியையும் சேர்த்தார். ஒரே தொலைபேசியிலிருந்து வந்த புகார்களுக்கெல்லாம் ஒரே குறியீட்டு எண். ஒரு குடிமகன் எத்தனை தடவை புகார் கொடுத்திருக்கிறான் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவுமாம். எமனை வம்புக்கிழுத்தது இந்தக் கண்டுபிடிப்பை விளக்கிய கூட்டத்தில்தான்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் கைதட்டி முடித்ததும் கையைத் தூக்கினார். கணினிப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக ஒப்பந்த ஊழியராகவே இருக்கும் கம்ப்யூட்டர் மேடம்.

"சார், கம்ப நம்பரை எடுத்துட்டு வார்டை மட்டும் போடலாம். நேரம் வேண்டாம், மாசம் போதும். சுருக்கத்துல ஜனங்க என்னென்னவோ சொல்லியிருப்பாங்க, அதை ஒருத்தர் உட்கார்ந்து படிச்சுப் பார்க்கணும். முக்கியமா, ஒருத்தருக்கு ஒரே நம்பர் வேண்டாம் சார். எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்டின மாதிரி ஆயிடும். ஒண்ணை இழுத்தா மொத்தமும் வந்துடும்."

"கம்பத்துக்கு ஏதும்மா மானம், போறதுக்கு?" என்றார் கரிக்கோட்டார். அறை சிரித்தது.

"நீங்க சொல்றதையெல்லாம் எடுத்துட்டா தலைப்பு மட்டும்தான் மேடம் மிஞ்சும்" என்றார் இயக்குநர். அறை இன்னும் சத்தமாகச் சிரித்தது. இயக்குநர் சிரிப்புக்கு எப்போதும் மவுசு அதிகம். கம்ப்யூட்டர் மேடம் தன் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தார். அது முறைப்படி பெறப்பட்டு, முறைப்படி ஒரு கோப்பில் வைக்கப்பட்டது. அந்தக் கோப்பு நூறில் ஒன்றல்ல.

சட்டப் பிரிவு மட்டும் ஒரே ஒரு திருத்தம் சொன்னது. எந்தக் கட்டடத்தின் மேல் புகார் என்கிற பத்தி வேண்டாம். உரிமையாளர்களின் அந்தரங்கம் பாதிக்கப்படும். உடனே எடுத்துவிட்டார்கள். ஆக, எவன்மேல் புகாரோ அவனுக்குத் திரை. எவர் புகார் சொன்னாரோ அவர் வாசலில் விளக்குக் கம்பம். கோப்பு ஏறியது. கரிக்கோட்டாருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதில் அவர் பெயர் பொறித்திருந்தது. என்ன காரணத்தாலோ அதை அவர் அழிக்கவில்லை.

பதினெட்டாவது நாள், காலை பதினொரு மணிக்கு அவருடைய கொழுந்தியாள் அலுவலகத்துக்கு வந்தாள். மனைவிக்கு நேர் இளையவள், தையற்காரி. வாடகை வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, அந்தத் தெருவின் ரவிக்கை, பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தைத்துக்கொண்டிருந்தவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள். கையில் நாலாக மடித்த காகிதம்.

"மாமா, இருபத்து மூணாம் கம்பத்துக்குப் பக்கத்துல எத்தனை தையக்காரி இருக்கா?"

"உட்காரும்மா."

"உட்கார வரல. எத்தனை?"

"நீ ஒருத்திதான்."

"அதான். வீட்டு ஓனருக்கும் அது தெரிஞ்சு போச்சு."

காகிதத்தை மேஜையில் விரித்தாள். குறியீட்டு எண் 4417. கம்பம் 23. பத்து வரிகள். முதல் ஒன்பது வரிகளிலும் ஒரே புகார்: குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள், தெருவில் மற்றக் குழாய்களில் காற்றுதான் வருகிறது. ஒன்பதுக்கும் நேரே ஒரே நடவடிக்கை: 'ஆய்வு செய்யப்பட்டது. குறை ஏதும் இல்லை.' பத்தாவது வரி வேறு: 'நடைபாதையில் வைத்திருந்த தையற்கடைப் பலகையை எடுத்துச் சென்றுவிட்டார்கள், திருப்பித் தரவும்.' பத்தாவது வரியைச் சுற்றி வீட்டு ஓனர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். கோடு, வட்டம் எல்லாம் கனகச்சிதம். அரசாங்க வேலைக்கு வந்திருக்க வேண்டியவர்.

"அதுல உன் பேர் இல்லையேம்மா" என்றார் கரிக்கோட்டார். இருபத்தொன்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பேர் எதுக்கு மாமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டுக் காம்பை மட்டும் வெளிய விட்டிருக்கீங்களே, அது போதாதா? ஒண்ணாம் தேதிக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னுட்டான். எட்டு வருஷமா அந்த வாசல்ல தைக்கறேன். என் வாடிக்கை பூரா அந்தத் தெரு."

"நான் பேசிப் பார்க்கறேன்."

"என்னத்தைப் பேசுவீங்க? ஒன்பது தடவை உங்க ஆளுங்க நேர்ல வந்தாங்க. அவன் மோட்டார் அங்கதான் உறுமிக்கிட்டு இருந்துச்சு. அவங்க கண்ணுக்குத் தெரியல. ஒரே ஒரு சாயங்காலம் அவன் உங்க பேப்பரைப் பார்த்தான், அவன் கண்ணுக்கு நான் தெரிஞ்சுட்டேன். நீங்கல்லாம் யாருக்கு மாமா வேலை செய்யறீங்க?"

பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. யாரும் நிமிரவில்லை. காது மட்டும் வேலை செய்தது.

"நக்கல் வேற பண்றான். 'கார்ப்பரேஷன்ல இருந்து அது நீ இல்லைன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வா, தாராளமா இருந்துக்கோ'ன்னு. கடுதாசின்னா அவனுக்கு அவ்வளவு மரியாதை." காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். "வெச்சுக்கோங்க. கறுப்பு அடிக்க வசதியா இருக்கும்."

வீட்டுக்குப் போனால் அங்கே விஷயம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி காப்பி டம்ளரை மேஜையில் வைத்த சத்தத்திலேயே பாதி வசவு இருந்தது.

"ஊர்ல இருக்கறவன் பேரையெல்லாம் அழிச்சீங்க. என் சாமான் லிஸ்ட்டைக்கூட விடல. என் தங்கச்சியை மட்டும் கம்பத்துல கட்டி விட்டுட்டீங்க."

"விதிப்படிதான் பண்ணியிருக்கு."

"விதியா? எந்த விதி? அவ தலைவிதியா?"

கரிக்கோட்டார் வெயில் தாழ்ந்ததும் நடக்கக் கிளம்பினார். தன் தெருவுக்குரிய வரிகளை அலுவலகத்திலிருந்தே அச்செடுத்து வந்திருந்தார். ஒருவேளை கொழுந்தியாள் சங்கதி எங்கோ தப்பித் தவறி நடந்த ஒன்று, மற்ற வரிகளில் ஆள் அகப்படாது என்று நிரூபித்துவிட்டால் ராத்திரி தூக்கம் வரும் என்பது திட்டம். கம்பம் கம்பமாக நின்று படித்தார்.

இருநூற்று ஐந்தாம் கம்பம்: எதிர் வீட்டில் காலை நாலரைக்கே ஹார்மோனியம், இரவு வேலை முடித்து வந்தவன் தூங்க முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு இரவுக் காவல் பார்த்துவிட்டு அந்நேரத்துக்கு வந்து படுப்பவர் அங்கே ஒருவர்தான். இருநூற்று எட்டு: மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவள் ஏற முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு இவரே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அரை மணியில் ஏழு பேர் அகப்பட்டார்கள். எமன் தேவைப்படவில்லை, எருமைகூடத் தேவைப்படவில்லை. ஒரு மூக்குக் கண்ணாடி போதுமாக இருந்தது.

இருநூற்றுப் பத்தொன்பதாம் கம்பத்தில் நின்று காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஒரே குறியீட்டு எண்ணில் இரண்டு வரிகள். ஒன்று: 'நடைபாதையில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு அமைத்துத் தரவும்.' இன்னொன்று: 'மேல் வீட்டில் தினமும் அடி உதை, பெண் கத்தும் சத்தம், யாராவது வந்து பாருங்கள்.' கீழ் வீட்டு ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒருவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்துத் தலையசைத்தார். மேலே, பால்கனியில் ஒருவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செல்போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். எதையோ படித்துக்கொண்டிருந்தான். எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அதுதானே திறந்த தரவு.

கரிக்கோட்டாருக்குக் கோபம் வந்தது. முதலில் பால்கனிக்காரன் மேல், பிறகு இயக்குநர் மேல், பிறகு சட்டப் பிரிவு மேல், சிரித்த பன்னிரண்டு பேர் மேல். ஒவ்வொருவர் மேலாக ஏறி இறங்கிய கோபம், கடைசியில் போக இடமில்லாமல் சொந்த வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி அவரிடமே வந்து நின்றது. கம்பத்துக்கு ஏது மானம் என்று கேட்ட வாய் வேறு யாருடையதும் இல்லை.

மறுநாள் காலை இயக்குநரின் அறையில் போய் நின்றார். கம்ப்யூட்டர் மேடத்தையும் அழைத்துக்கொண்டு போனார்; கூப்பிட்டபோது அந்த அம்மாள் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை அவரை இன்னும் வதைத்தது.

"கோப்பைத் தளத்துலேருந்து இறக்கணும் சார்."

"எதுக்கு? நாலாயிரம் தடவை டவுன்லோட் ஆகியிருக்கு. அடுத்த வாரம் வெளியூர்க்காரங்க பார்க்க வராங்க."

கரிக்கோட்டார் கொழுந்தியாள் கதையைச் சொன்னார். இயக்குநர் இரக்கமுள்ளவர், தனியாக ஒருவருக்கு வரும் கஷ்டத்தைக் கேட்டால் உடனே உருகிவிடுவார், ஆயிரக்கணக்கான பேருக்கு என்றால்தான் உருக நேரமிருக்காது.

"அட, ஒரு கடுதாசிதானே கேட்கறார் அந்த ஓனர்? பத்து நிமிஷ வேலை." உதவியாளரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லத் தட்டச்சு ஆயிற்று. 'மேற்படி கோப்பிலிருந்து எந்தவொரு தனிநபரையும் எவராலும் அடையாளம் காண இயலாது எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை விழுந்தது. கீழே ஆவணக் கண்காணிப்பாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். "போடுங்க. உங்க கொழுந்தியா வீடும் தங்கும், நம்ம கோப்பும் தங்கும்."

பேனா கையில் இருந்தது. ஒரு கையெழுத்து, எட்டு வருட வாசல் அவளுக்கு நிலைக்கும். மனைவி மறுபடி காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பாள். அவர் வராந்தாவுக்கு வந்து கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"கடுதாசி தர்றாங்கம்மா. ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாதுன்னு. அதைக் காட்டினா ஓனர் விட்டுடுவான். ஆனா கோப்பு அப்படியே கிடக்கும்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"பொய்தானே அது?"

"பொய்தான்."

"எங்க தெருவுலயே இன்னும் எத்தனை பேர் அதுல இருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

"எங்க தெருவுல பார்த்தேன். ஏழு பேர்."

"ஒன்பது தடவை நிஜத்தைச் சொல்லிப் புகார் குடுத்தவ மாமா நான். பத்தாவதா ஒரு பொய்யை வாசல்ல மாட்டிக்கிட்டு அங்க உட்கார்ந்து தைக்கணுமா? நேத்தே அவன் மூஞ்சிக்கு நேரா 'ஆமா, நான்தான் போட்டேன்'னு சொல்லிட்டேன்." குரல் இறங்கியது. "வாடிக்கை போயிடும். போனா போகட்டும். உங்க வீட்டு முன் ரூம்ல ரெண்டு மெஷினையும் போட்டுக்கறேன். உங்க ஈஸிசேரை எடுத்து மொட்டை மாடியில போட்டுக்கோங்க."

"மழை வந்தா?"

"நனையுங்க."

அவர் உள்ளே வந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். இதுல எழுதியிருக்கறது உண்மையில்ல."

இயக்குநரின் முகம் சிவந்தது. "உண்மையில்லையா? பதினாலு பேர் முன்னாடி எமனைக் கூப்பிட்டது யாரு, நானா? நீங்க சொன்னதை நம்பித்தானேய்யா மேல வரைக்கும் போய் மேடையில பேசினேன். இப்போ குடும்பத்துல ஒருத்திக்கு இடிக்குதுன்னதும் கோப்பே தப்பாயிடுச்சா? கொழுந்தியாளைக் கண்டுபிடிச்சது பெரிய வித்தையா? அது சொந்தக்காரங்க சமாச்சாரம். ஒரே ஒரு ஆளை, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை, இதுலேருந்து எடுத்துக் காட்டுங்க. இந்த நிமிஷமே இறக்கச் சொல்றேன். மேடம், நீங்களே சாட்சி."

கம்ப்யூட்டர் மேடம் திரையில் கோப்பைத் திறந்தார்.

கரிக்கோட்டாருக்கு நாக்கு நுனியில் ஏழு பேர் நின்றார்கள். அதில் முழங்கால் அம்மாள் இயக்குநருக்கே தூரத்து உறவு. சொன்னால் ஒரே வரியில் காரியம் முடிந்துவிடும். ஆனால் சொல்வது மறுபடி ஒரு காட்டிக்கொடுத்தல். இந்தத் தடவை பேர் சொல்லியே. ஏழு பேரையும் ஒவ்வொருவராக விழுங்கினார்.

"அறுபத்தொண்ணாம் குறியீட்டை எடும்மா."

பன்னிரண்டு வரிகள் வந்தன. அவற்றில் பதினொன்றுக்கு முதலாம் கம்பம். அந்த அலுவலகத்தின் வாசலிலேயே நிற்கும் கம்பம். இரண்டாம் மாடி ஆண்கள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, மறுபடி தண்ணீர் இல்லை. எல்லாம் பகல் ஒன்றே முக்காலுக்கு, சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மாநகராட்சியின் மேல் மாநகராட்சியிலேயே புகார் கொடுத்த அந்தக் கறுப்பு ஆட்டைத் தேடி அவர் சுற்றறிக்கை விட்டவர். புகார் கொடுத்தவன் யார் என்று ஆவணப் பிரிவுக்கு மூன்று முறை ஆள் அனுப்பினார். மூன்று முறையும் கறுப்படித்த நகல்தான் கிடைத்தது.

"இந்தத் துரோகியா? இந்த ஆபீஸ்ல இருநூறு ஆம்பிளைங்க. இதுல எப்படி ஆளைப் பிடிப்பீங்க?"

"பன்னிரண்டாவது வரி சார்."

கம்ப்யூட்டர் மேடம் படித்தார். "தெரு நாய்த் தொல்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது வாசலிலேயே படுத்துக்கொண்டு உறுமுகிறது. கம்பம் இருநூற்றுப் பன்னிரண்டு."

"அது எங்க இருக்கு?" என்றார் இயக்குநர்.

"எங்க வீட்டு வாசல்ல சார்" என்றார் கரிக்கோட்டார்.